காப்பிக் கோப்பையில் பொய்த்துப்போன சோதனை

மருந்தாளுநர் படிப்பில் நச்சியல் பாடம் தொடங்கியதும் முதலில் வந்த பெயர் மாத்யூ ஓர்பிலா. நச்சியலின் தந்தை என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைத்துவிடும். அதற்குமேல் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு நான் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஓர்பிலா 1787-இல் ஸ்பெயினைச் சேர்ந்த மெனோர்கா தீவில் பிறந்தவர். உபகாரச் சம்பளம் பெற்று வேதியியல் படிக்கப் பாரிஸ் சென்றார். 1808-இல் ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டது. பணம் வருவது நின்றது. எப்படியோ சமாளித்து 1811-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். வயிற்றுப்பாட்டுக்கு வேதியியல் வகுப்புகள் நடத்தினார்.

1813-இல் அத்தகைய ஒரு வகுப்பில் ஆர்செனிக் பற்றிப் பேசினார். கொலைகாரர்களுக்கு மிகவும் வசதியான நஞ்சு அது. உணவில் கலந்தால் தெரியாது. உண்டவர் வாந்திபேதி கண்டவரைப் போலவே இறப்பார். ஆர்செனிக் கரைந்த நீரில் சுண்ணாம்பு நீரைச் சேர்த்தால் வெள்ளை வீழ்படிவு தோன்றும். காப்பியில் கலந்திருந்தாலும் அப்படியே தோன்றும் என்று மாணவர்களிடம் சொல்லி, அங்கேயே செய்தும் காட்டினார். வெள்ளை வரவில்லை!

வேறொருவராக இருந்தால் காப்பியைக் குறை கூறிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார். ஓர்பிலா மற்ற நஞ்சுகளையும் வெவ்வேறு உணவுகளிலும் பானங்களிலும் கலந்து பார்த்தார். புத்தகத்தில் இருந்த முடிவுகள் பெரும்பாலும் கிடைக்கவில்லை. அப்படியென்றால் அதுவரை நீதிமன்றங்களில் சொல்லப்பட்ட சாட்சியங்கள்? அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் 1814-இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய நஞ்சுகள் பற்றிய பெருநூல். அதற்காக அவர் ஏராளமான நாய்களுக்கு நஞ்சூட்டினார். அந்தப் பக்கங்களை என்னால் வேகமாகத்தான் புரட்ட முடிந்தது. ஆனால் நஞ்சு இரைப்பையில் மட்டும் தங்குவதில்லை, இரத்தம் வழியே கல்லீரல் போன்ற உறுப்புகளுக்கும் செல்கிறது என்பதை அவருடைய ஆய்வுகளே உறுதிப்படுத்தின.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது 1818-இல் எழுதிய சிறிய நூல். நஞ்சுண்டவருக்கு என்ன முதலுதவி செய்வது என்று சாதாரண மக்களுக்காக எழுதியது அது. பாதரச உப்பை விழுங்கியவருக்கு முட்டையின் வெள்ளைக் கருவைக் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தவரும் அவர்தான். இன்று பினாங்கிலுள்ள தேசிய நச்சு மையத்தை அழைத்தால், என்ன செய்ய வேண்டும் என்று தொலைபேசியிலேயே சொல்கிறார்கள். அன்று அந்த வேலையை ஒரு புத்தகம் செய்தது.

1840-இல் பிரான்சையே உலுக்கிய வழக்கு வந்தது. கணவருக்கு நஞ்சு வைத்ததாக மரி லஃபார்ஜ் மீது குற்றச்சாட்டு. உள்ளூர் நிபுணர்களின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. பாரிஸிலிருந்து வரவழைக்கப்பட்ட ஓர்பிலா, ஜேம்ஸ் மார்ஷ் 1836-இல் வெளியிட்ட புதிய முறையில் சோதித்தார். உடலில் ஆர்செனிக் இருக்கிறது, அது கல்லறை மண்ணிலிருந்து வந்ததல்ல என்றார். மரிக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

அதே காலத்தில், மனித எலும்பில் இயற்கையாகவே ஆர்செனிக் உண்டு என்றும் ஓர்பிலா நம்பியிருந்தார். பின்னர் அது பொய்த்தது. அவரும் அக்கருத்தைக் கைவிட்டார். இதைப் படித்த பிறகு அந்தத் தீர்ப்பை என்னால் அவ்வளவு எளிதாக ஏற்க முடியவில்லை.

மரி 1852-இல் நோயாளியாக விடுதலையாகி அதே ஆண்டு இறந்தார். ஓர்பிலா 1853-இல் பாரிஸில் காலமானார். மரி குற்றவாளியா இல்லையா என்ற விவாதம் மட்டும் இன்னும் ஓயவில்லை.