ஒத்திகையே இல்லாமல் விடிய விடிய நாடகம் எப்படி நடக்குது? பின்னால் இருக்கும் ஒரே மனிதர்... யார் இந்த சங்கரதாஸ் சுவாமிகள்?

2019 நடிகர் சங்கத் தேர்தல் ஞாபகம் இருக்கா? பாண்டவர் அணியை எதிர்த்து ஒரு அணி நின்றது. அதன் பெயர் சுவாமி சங்கரதாஸ் அணி. அந்தப் பெயரை அப்போது பலரும் கேட்டோம், ஆனால் யார் அவர் என்று தேடிப் பார்த்தவர்கள் குறைவு. தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று கொண்டாடப்படும் அவர், ஒரு கட்டத்தில் தான் நடித்த வேடத்துக்காகவே மனம் உடைந்து மேடையை விட்டு இறங்கியவர். அவருடைய கதையை சுருக்கமாகப் பார்ப்போம்.

உப்பளக் கணக்கர் டூ நாடக மேடை

1867 செப்டம்பர் 7ஆம் தேதி தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். இயற்பெயர் சங்கரன். தந்தை தாமோதரன் தமிழ் படித்தவர் என்பதால் முதல் பாடம் வீட்டிலேயே கிடைத்தது. பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் முறையாக இலக்கணம், யாப்பு கற்றார். வெண்பாவும் சந்தப் பாடலும் சரளமாக வந்தன. ஆனால் சோறு போட்டது என்னவோ உப்பளத்தில் கிடைத்த கணக்கர் வேலைதான். அதையும் விட்டுவிட்டு 24 வயதில் நாடகக் கம்பெனிக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு நாடகக்காரன் என்றால் பெண் கொடுக்கக்கூட யோசிப்பார்கள். தமிழ் படித்த ஒரு இளைஞர் அந்தப் பக்கம் போனது சாதாரண முடிவு இல்லை.

மேடையை விட்டு இறங்க வைத்த வேடம்

எமன், இராவணன், இரணியன், சனீஸ்வரன்... சுவாமிகளுக்குக் கிடைத்ததெல்லாம் பயமுறுத்தும் வேடங்கள். ஆளும் வாட்டசாட்டம், குரலும் கணீர்.

நளதமயந்தி நாடகத்தில் சனீஸ்வரனாக நடித்துவிட்டு, விடியற்காலையில் வேடம் கலைக்க நீர்நிலைக்குப் போனாராம். அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்த கர்ப்பிணி ஒருவர் பயத்தில் மயங்கி விழுந்ததாகவும், கரு கலைந்ததாகவும் சொல்லப்படுகிறது. சாவித்திரி நாடகத்தில் எமனாக வந்தபோதும் இதுபோல ஒன்று நடந்ததாக நாடக உலகில் சொல்வார்கள். ரசிகர்களுக்கு இது நடிப்புக்குக் கிடைத்த பாராட்டாகத் தெரியலாம். சுவாமிகளுக்கு அப்படித் தெரியவில்லை. இனி வேடம் கட்டுவதில்லை என்று முடிவு செய்தார். கோயில் கோயிலாகத் தீர்த்த யாத்திரை போனார், துறவிக் கோலம் பூண்டார். சங்கரன், சங்கரதாஸ் சுவாமிகள் ஆனது இப்படித்தான். கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

ஆனால் நாடகம் அவரை விடவில்லை. புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைத் தன் பிள்ளையாகவே ஏற்று, மறுபடியும் நாடகத்தின் பக்கம் திருப்பினார். இந்த முறை நடிகராக இல்லை, வாத்தியாராக!

வாத்தியார் என்றால் யார்?

இன்றைக்கு கதாசிரியர், பாடலாசிரியர், இயக்குநர், நடிப்புப் பயிற்சியாளர் என்று நாலு பேர் பார்க்கும் வேலையை அன்றைக்கு ஒருவரே பார்ப்பார். அவர்தான் நாடக வாத்தியார். மற்ற பெயர்களையும் தெரிஞ்சுக்கலாம்.

ராஜபார்ட்: கதாநாயகன் வேடம்.
ஸ்திரீபார்ட்: கதாநாயகி வேடம். முன்பு ஆண்களே அதிகம் போட்டார்கள்.
கள்ளபார்ட்: திருடன் வேடம்.
பபூன்: சிரிக்க வைப்பவர். நாடகம் தொடங்கும் முன் கூட்டத்தைக் கட்டிப்போடுவதும் இவர்தான்.
பின்பாட்டு: ஆர்மோனியம் வாசித்தபடி நடிகருக்குத் துணையாகப் பாடுபவர்.

அப்போது மேடையில் பாட்டுதான் பிரதானம், வசனம் அவரவர் இஷ்டம். யார் பெரியவர் என்ற சண்டையில் கதையே காணாமல் போய்விடும். சுவாமிகள் பாட்டையும் வசனத்தையும் சேர்த்து முழுப் பிரதியாக எழுதிக் கொடுத்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள் என்று 40க்கும் மேற்பட்ட நாடகங்கள். அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று சொல்வார்கள்.

சிறுவர்கள் ஏன் வந்தார்கள்?

பெரிய நடிகர்கள் பிரதிக்குக் கட்டுப்படவில்லை என்றதும் சிறுவர்களைப் பழக்கினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள்தான். இதற்கு முன் அவர் நடத்திய சமரச சன்மார்க்க நாடக சபையில் எஸ்.ஜி.கிட்டப்பா பாடம் கேட்டார்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் அந்தப் பிள்ளைகள் ஊர் ஊராக அலைந்தார்கள், இரவெல்லாம் கண்விழித்தார்கள். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் கிடைத்த வேடமும் போய்விடும். பல வீடுகளில் பிள்ளையை கம்பெனிக்கு அனுப்பியது கலை ஆசையில் இல்லை, மூன்று வேளைச் சோற்றுக்காக. பின்னாளில் எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் வந்தது இப்படிப்பட்ட பாய்ஸ் கம்பெனிகளில் இருந்துதான்.

கடைசி நாட்கள்

பக்கவாதம் தாக்கி சுவாமிகளின் பேச்சு போனது. ஊருக்கே வசனம் சொல்லிக் கொடுத்தவர் வாய் திறக்க முடியாமல் கம்பெனியோடு பயணம் செய்தார். 1922 நவம்பர் 13ஆம் தேதி புதுச்சேரியில் காலமானார். வயது 55. சமாதியும் அங்கேதான், கருவடிக்குப்பத்தில்.

சரி, ஒத்திகை இல்லாமல் எப்படி?

மதுரை, புதுக்கோட்டை பக்கம் கோயில் திருவிழாவில் இன்றும் ஸ்பெஷல் நாடகம் நடக்கிறது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறு ஊர். அன்று இரவுதான் முதல் முறையாகச் சந்திக்கிறவர்கள்கூட இருப்பார்கள். ஆனாலும் விடிய விடிய வள்ளி திருமணம் தடையில்லாமல் ஓடும். ஏன்னா எல்லோருக்கும் மனப்பாடமாக இருப்பது ஒரே வாத்தியாரின் பிரதி.

அடுத்த முறை ஊர்த் திருவிழாவில் ஸ்பெஷல் நாடக நோட்டீஸ் பார்த்தால் கடந்து போயிடாதீங்க. வேடம் கட்ட மாட்டேன் என்று இறங்கிப் போன ஒருவர்தான், இத்தனை வேடங்களுக்கும் இன்றுவரை சோறு போடுகிறார்.