தீவை விலைக்கு வாங்கிய குமாஸ்தா

வீடு விலைக்கு வரும். நிலம் விலைக்கு வரும். தோட்டம் துரவு விலைக்கு வரும். ஒரு தீவே முழுசாக விலைக்கு வந்தால், பணம் உள்ளவர் அதையும் வாங்கலாம்.

அப்படி வாங்கியவர் அந்தத் தீவுக்கு ராஜா ஆகிவிட முடியுமா?

ஆகலாம் என்பதுபோல நடந்துகொண்டார் ஒருவர். தன் தலையைப் பொறித்து நாணயம் அடித்தார். சொந்தமாகத் தபால் தலை வெளியிட்டார். அதற்காகக் கோர்ட்டுப் படியும் ஏறினார்.

அவர் பெயர் மார்ட்டின் கோல்ஸ் ஹார்மன். லண்டனில் ஒரு சாதாரணக் குமாஸ்தாவாக வாழ்க்கையைத் தொடங்கியவர். பின்னாளில் லண்டித் தீவின் ராஜா என்று பத்திரிகைகள் எழுதும்படி வாழ்ந்தவர்.

கடல் நடுவே ஒரு பாறை

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் டெவன் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அதன் வடகரையிலிருந்து சுமார் 12 மைல் தூரத்தில், பிரிஸ்டல் கால்வாயின் முகப்பில் இருக்கிறது லண்டித் தீவு.

நீளம் 3 மைல். அகலம் ஏறக்குறைய அரை மைல். அவ்வளவுதான். சுற்றிலும் கருங்கல் பாறைகள் சுவர்போலச் செங்குத்தாக நிற்கின்றன. உச்சியில் ஏறிவிட்டால் ஒரே பசும்புல் வெளி.

அட்லாண்டிக் கடலின் வெதுவெதுப்பான நீரோட்டம் அந்தப் பக்கம் வருவதால், இங்கிலாந்தின் மற்ற இடங்கள் பனியில் உறையும்போதுகூட அங்கே குளிர் கடுமையாக இருப்பதில்லை. காற்றுக்கு மட்டும் ஓய்வே கிடையாது.

தீவின் பெயர் ஒரு பறவையால் வந்தது. கறுத்த முதுகு, வெளுத்த வயிறு, வர்ணம் தீட்டியது போன்ற பெரிய அலகு கொண்ட கடற்பறவை அது. பஃபின் என்பார்கள். பழைய நார்வே மக்களின் மொழியில் லண்டி என்றால் பஃபின் தீவு என்று பொருள்.

சொர்க்கத்தின் ராஜ்யம்

தீவை ஆள நினைத்தவர்கள் ஹார்மனுக்கு முன்பும் பலர் உண்டு. வில்லியம் மாரிஸ்கோ என்ற பிரபு அங்கே இருந்துகொண்டு கடற்கொள்ளை நடத்தினார். மூன்றாம் ஹென்றி மன்னர் அவரைப் பிடித்து 1242-ல் தூக்கில் போட்டார். பிறகு மன்னரே அங்கு ஒரு கோட்டை கட்டினார். அது மாரிஸ்கோ கோட்டை என்ற பெயரில் இன்றும் நிற்கிறது.

1834-ல் வில்லியம் ஹட்சன் ஹெவன் என்பவர் 9,400 கினி கொடுத்துத் தீவை வாங்கினார். (ஒரு கினி என்பது 21 ஷில்லிங்.) ஹெவன் என்ற சொல்லுக்குச் சொர்க்கம் என்று அர்த்தம். ஆகவே, லண்டிக்குச் சொர்க்கத்தின் ராஜ்யம் என்று ஜனங்கள் கேலிப் பெயர் வைத்தார்கள்.

சொர்க்கத்தை வாங்கியவருக்குச் செலவு தாங்கவில்லை. தீவு ஒரு யானை. வாங்குவது ஒரு நாள் காரியம். தீனி போடுவது தினசரிக் காரியம். படகு வேண்டும். கரையிலிருந்து மாவும் நிலக்கரியும் வரவேண்டும். புயல் அடித்தால் எதுவும் வராது. ஹெவன் குடும்பம் தீவை விற்கப் பார்த்தது. 1906-ல் ஏலத்துக்குக் கூட விட்டது. விற்றபாடில்லை. 1918-ல்தான் கிறிஸ்டி என்ற பணக்காரர் கைக்குத் தீவு மாறியது.

18 வயதில் வந்த ஆசை

ஹார்மன் 1885-ல் பிறந்தார். பெரிய குடும்பம். பதினாறாவது வயதில் லண்டனில் லசார்ட் பாங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்.

1903-ல் ஒரு நாள் சுற்றுலாவாக லண்டிக்கு வந்தார். அப்போது வயது 18. பாறைகளைப் பார்த்தார். பறவைகளைப் பார்த்தார். இந்தத் தீவை ஒருநாள் நான் வாங்குவேன் என்று மனத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

குமாஸ்தா சம்பளத்தில் தீவு வாங்க முடியுமா? கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் ஹார்மனுக்குக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. கம்பெனிகளை வாங்குவது, விற்பது, பங்குகளைக் கைமாற்றுவது ஆகிய வித்தைகளைக் கற்றார். பணம் குவிந்தது. பல கம்பெனிகள் அவர் கைக்குள் வந்தன.

1925-ல் லண்டி மீண்டும் விலைக்கு வந்தது. ஹார்மன் 16,000 பவுன் கொடுத்து அதை வாங்கினார். லெரினா என்ற தபால் படகும் தீவோடு சேர்ந்து வந்தது. இருபத்திரண்டு வருஷக் கனவு பலித்தது.

தபாலும் நாணயமும்

தீவில் குடியிருந்தவர்கள் சில டஜன் பேர்தான். அவர்கள் இங்கிலாந்து சர்க்காருக்கு வருமான வரி கட்டுவதில்லை. நாய் வளர்க்க லைசென்ஸ் இல்லை. கப்பல்கள் ஒதுங்கும்போது வந்து போகிறவர்களைத் தவிர வேறு தொந்தரவும் இல்லை. இது போதாதா, தனி ராஜ்யம் என்று நினைப்பதற்கு?

இங்கிலாந்து சர்க்காரின் தபால் ஆபீஸ் மட்டும் ஒன்று இருந்தது. 1927 கடைசியில் அது மூடப்பட்டது. அதன்பின் ஹார்மன் தம் செலவிலேயே கடிதங்களைக் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இரண்டு வருஷம் இலவசம். பிறகு 1929 நவம்பர் 1-ந் தேதி தபால் தலை வெளியிட்டார். அதில் பஃபின் பறவையின் படம். விலையும் பஃபின் கணக்கில்தான்! அரை பஃபின் ஒன்று, ஒரு பஃபின் ஒன்று. ஒரு பஃபினுக்கு மதிப்பு ஒரு பென்னி.

அதே வருஷம் நாணயமும் அடித்தார். பர்மிங்காம் நகரத்து அக்கசாலை ஒன்றில் வெண்கலத்தில் அச்சிடச் செய்தார். அரை பஃபினில் 50,000. ஒரு பஃபினில் 50,000. ஒரு பக்கம் பஃபின் பறவை. மறுபக்கம், மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் தலை இருக்கவேண்டிய இடத்தில், ஹார்மனின் தலை!

தீவுக் கடையில் அந்தக் காசு செல்லுபடியாயிற்று. சரக்கும் வாங்கலாம். சாராயமும் குடிக்கலாம்.

கோர்ட்டுக்கு வந்த ராஜா

தபால் தலையைச் சர்க்கார் கண்டுகொள்ளவில்லை. ஆனால் நாணயத்தை விடவில்லை. மன்னர் ஒருவருக்கே உள்ள அதிகாரம் அது. 1870-ம் வருஷத்து நாணயச் சட்டத்தின்படி ஹார்மன் மீது வழக்குத் தொடரப்பட்டது. 1930-ல் டெவன் மாவட்டத்து பிடிஃபோர்டு ஊரில் மாஜிஸ்திரேட்டுகள் முன் அவர் நின்றார்.

லண்டி தன்னைத் தானே ஆண்டுகொள்ளும் பிரதேசம், இங்கிலாந்தின் கோர்ட்டுகளுக்கு அங்கே அதிகாரம் கிடையாது என்று அவர் வாதாடினார். மாஜிஸ்திரேட்டுகள் ஒப்பவில்லை. அபராதம் 5 பவுன். செலவுத் தொகை 15 கினி.

கோடிக்கணக்கில் புரட்டியவருக்கு அந்தத் தொகை தூசு. அவருக்குப் பணம் பெரிதல்ல, உரிமை பெரிது. லண்டன் மேல்கோர்ட்டுக்கு அப்பீல் செய்தார். 1931-ல் அந்த அப்பீலும் தள்ளுபடி ஆயிற்று. லண்டி இங்கிலாந்தின் ஒரு பகுதி என்று தீர்ப்பு ஆனது.

தீவின் மண்ணை வாங்கலாம். புல்லை வாங்கலாம். பாறையை வாங்கலாம். ஆளும் உரிமை மட்டும் கிரயப் பத்திரத்தில் எழுதித் தருகிற சரக்கு இல்லை. அதைத் தெரிந்துகொள்ள ஹார்மனுக்கு ஆறு வருஷம் பிடித்தது.

சரிவு

அடுத்த அடி அதைவிடப் பெரியது. அப்போது உலகம் முழுவதும் வியாபாரம் படுத்துக் கிடந்தது. ஹார்மனின் கம்பெனிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சரிந்தன. 1932-ல் அவர் திவால் ஆனார்.

கொரியாவில் தங்கச் சுரங்கத் தொழில் செய்த சோசன் கார்ப்பரேஷன் என்ற கம்பெனியின் விவகாரம் கோர்ட்டுக்கு வந்தது. பங்குதாரர்களின் பணத்தில் மோசடி செய்யச் சதி செய்தார் என்று குற்றச்சாட்டு. 1933-ல் அவருக்கு 18 மாதம் ஜெயில் தண்டனை விதிக்கப்பட்டது.

தன் தலையை நாணயத்தில் பொறித்தவர் கைதி உடை உடுத்தினார். நம்பிப் பணம் போட்டவர்களுடைய நஷ்டத்துக்கு எந்த நாணயமும் ஈடாகாது. அவர் வாழ்க்கையில் இது அழியாத கறை.

இத்தனையிலும் லண்டி மட்டும் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. வெளியே வந்த ஹார்மனுக்கு மிஞ்சிய பெரும் சொத்து அதுதான்.

பறவைகளின் காவலர்

ராஜ்ய ஆசை ஒரு பக்கம் இருக்கட்டும். ஹார்மன் அந்தத் தீவை உயிராக நேசித்தார் என்பதில் சந்தேகம் இல்லை. இலாபத்துக்காக அதைச் சுரண்டவில்லை. சுற்றுலா ஓட்டல்களாக அதை நிரப்பவும் இல்லை.

ஜப்பானிய சிகா மான்களைக் கொண்டுவந்து விட்டார். 1928-ல் குதிரைக் கூட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். பின்னர் சோவே என்ற பழைய ரக ஆடுகள் வந்தன. லண்டிக் குதிரை என்று தனி ரகமே அதிலிருந்து உண்டானது.

பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய 1946-ல் லண்டி ஆய்வுச் சங்கம் ஏற்பட்டபோது, ஹார்மன் அதற்கு ஆதரவு கொடுத்தார். தீவின் உச்சியில் இருந்த பழைய கலங்கரை விளக்கக் கட்டிடம் அவர்களுக்குத் தங்குமிடம் ஆனது.

கோஹிமாவில் ஒரு கல்லறை

ஹார்மனின் மூத்த மகன் ஜான். லண்டியின் பாறைகளில் ஓடி ஆடி வளர்ந்தவன். இரண்டாம் உலக யுத்தத்தில் பட்டாளத்தில் சேர்ந்தான். தீவு ராஜாவின் மகன் அதிகாரியாகப் போகவில்லை. லான்ஸ் கார்ப்பொரல் என்ற சிறு பதவிதான்.

1944 ஏப்ரலில் நம் நாட்டின் வடகிழக்கு எல்லையில், நாகா மலையில் உள்ள கோஹிமாவை ஜப்பானியர் வளைத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்த படையைவிட அவர்கள் பல மடங்கு. காத்து நின்றவர்களில் ராயல் வெஸ்ட் கெண்ட் பட்டாளமும் ஒன்று. ஜான் அதில் இருந்தான்.

இருட்டில் வந்த எதிரிகள், அவன் இருந்த குழியிலிருந்து 50 கஜ தூரத்துக்குள் இயந்திரத் துப்பாக்கி ஒன்றை நிறுத்திவிட்டார்கள். ஜான் தனியாகப் புறப்பட்டான். நான்கு விநாடியில் வெடிக்கும் கைக்குண்டின் பின்னை எடுத்தான். உடனே எறிந்தால் எதிரி அதை எடுத்துத் திருப்பி எறியக்கூடும். ஆகவே இரண்டு விநாடி கையிலேயே வைத்திருந்தான். பிறகு வீசினான். எதிரிகள் மாண்டனர். அவர்களுடைய துப்பாக்கியைத் தோளில் சுமந்துகொண்டு திரும்பினான்.

மறுநாள் விடியற்காலை எதிரிகள் சிலர் குழி பறித்துப் பதுங்குவதைக் கண்டான். துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு, மறுபடியும் ஒற்றை ஆளாகப் பாய்ந்தான். ஐந்து பேர் விழுந்தார்கள். திரும்பி நடந்து வரும்போது விலாவில் குண்டுகள் பாய்ந்தன. தன் பக்கம் வந்து சேர்ந்ததும் உயிர் பிரிந்தது. வயது 29.

பிரிட்டனின் மிகப் பெரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் அவனுக்கு அளிக்கப்பட்டது. உடல் கோஹிமாவில் அடக்கம் செய்யப்பட்டது. லண்டியில் பாழடைந்த கல்வெட்டுக் குழி ஒன்றில் அவனுக்கு நினைவுப் பலகை பதித்தார்கள். அவன் சிறுவனாக விளையாடிய இடம் அது.

எந்த மன்னரின் தலைக்குப் பதிலாகத் தன் தலையை நாணயத்தில் பொறித்தாரோ, அதே மன்னரின் மகன் ஆட்சியில், ஹார்மனின் மகன் அந்த ராஜ்யத்துக்காக உயிரைக் கொடுத்தான்.

மீண்டும் விலைக்கு வந்தது

ஹார்மன் 1954 டிசம்பரில் காலமானார். இளைய மகன் ஆல்பியன் தீவைக் கவனித்து வந்தார். அவரும் 1968-ல் இறந்தார். குடும்பத்துக்குச் செலவு தாங்க முடியவில்லை. 1969-ல் லண்டி மறுபடி விலைக்கு வந்தது.

யார் வாங்கப் போகிறார்கள்? சூதாட்ட விடுதி வருமா? பறவைகள் இருக்குமா, போகுமா? இந்தக் கவலை பலருக்கு இருந்தது.

ஜாக் ஹேவர்டு என்ற செல்வந்தர் முன்வந்தார். 1,50,000 பவுன் கொடுத்தார். தமக்காக அல்ல. நாட்டின் பழஞ்சின்னங்களையும் இயற்கை வளத்தையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறநிறுவனத்துக்காக! தீவு அந்த நிறுவனத்துக்குச் சொந்தம் ஆயிற்று. லாண்ட்மார்க் டிரஸ்ட் என்ற மற்றொரு அறநிறுவனம் அதைக் குத்தகைக்கு எடுத்து நிர்வகிக்கிறது. தீவைச் சுற்றியுள்ள கடலும் 1986-ல் காப்புப் பிரதேசம் ஆனது.

பஃபின்களுக்குத்தான் கஷ்டகாலம் வந்தது. 1939-ல் 3,500 ஜோடி இருந்த பறவைகள், 2001-ல் ஒரு டஜன் அளவுக்குக் குறைந்துவிட்டன. காரணம் எலி. கப்பல்களில் வந்து இறங்கிய எலிகள் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்த்தன. 2002-ல் தொடங்கி எலிகளை அடியோடு ஒழித்தார்கள். பறவைகள் திரும்பி வந்தன. 2023-ல் எண்ணியபோது ஆயிரத்துக்கு மேல் இருந்தன.

ஹார்மன் அடித்த பஃபின் காசு இப்போது எந்தக் கடையிலும் செல்லாது. பழைய நாணயம் சேர்ப்பவர்களின் பெட்டியில் கிடக்கிறது. அவர் தொடங்கிய தபால் தலை மட்டும் இன்றும் லண்டிக் கடிதங்களில் ஒட்டப்படுகிறது. வசந்தம் வந்தால், காசில் பொறித்த அந்தப் பறவை கடலிலிருந்து வந்து பாறைச் சரிவில் வளை தோண்டுகிறது. யாருடைய பெயரில் பட்டா இருக்கிறது என்று அது கேட்பதில்லை.