ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்தவர்

கொலை செய்தவன் எவன், ஓடி ஒளிந்தவன் எங்கே என்று பக்கத்துக்குப் பக்கம் தேடிச் செல்லும் துப்பறியும் நாவல்களைப் படிப்பது அறிவுடையோருக்கு அடாத காரியம் என்று நம்மில் சிலர் கருதுவதுண்டு. பகலெல்லாம் தேச விவகாரங்களைப் பேசிவிட்டு, இரவில் விளக்கைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, அந்நாவல்களை முடிக்காமல் உறங்கமாட்டாதவர்களும் அவர்களுக்குள்ளேயே உண்டென்பதை நாம் அறிவோம். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் வெளியிட்ட துப்பறியும் நாவல்களுக்குத் தமிழ் நாட்டில் கிடைத்த வரவேற்பு சாமானியமானதன்று. மனித மனம் இவற்றில் இவ்வளவு ஈடுபடுவானேன்? இதற்கு விடை காண, அத்தகைய கதைகளுக்கு உலகெங்கும் வாசகர்களைத் தேடித் தந்த ஸர் ஆர்தர் கானன் டாயிலின் ஜீவியத்தை ஆராய்வது உசிதமென்று நமக்குத் தோன்றுகிறது. கதையிலே குற்றவாளிகளைத் துரத்திய அம்மனிதர், வாழ்க்கையிலே குற்றவாளிகளென்று முத்திரையிடப்பட்ட இருவருக்காகப் போராட நேர்ந்தது.

1859-ம் வருஷம் மே மாதம் 22-ந் தேதி ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் அவர் பிறந்தார். பெற்றோர் ஐரிஷ் வம்சத்தினர், கத்தோலிக்கர். தந்தை சித்திரம் எழுதுவதில் வல்லவர். ஆனால் குடிப் பழக்கத்தால் சீரழிந்து, கடைசியில் மனநோய் விடுதிகளிலேயே காலங்கழிக்க வேண்டியவரானார். தாயாரின் கதை சொல்லுந் திறமைதான் அந்தக் குடும்பத்தின் ஆஸ்தி. அவ்வம்மையாரின் முயற்சியால் ஏசு சபையாரின் கல்லூரியில் படித்து, 1876-ல் எடின்பரோ சர்வகலாசாலையில் வைத்தியம் பயிலச் சேர்ந்தார் டாயில். படிப்பின் நடுவே 1880-ல் திமிங்கில வேட்டைக் கப்பலொன்றில் வைத்தியராய்ச் சென்று வட துருவக் கடலையும் கண்டு வந்தார்.

அந்தச் சர்வகலாசாலையில் ஜோஸப் பெல் என்றொரு சத்திர சிகிச்சை ஆசிரியர் இருந்தார். நோயாளி வாய் திறக்குமுன்பே அவனது நடை, கையின் காய்ப்பு, உடையில் ஒட்டிய மண் முதலியவற்றைக் கொண்டு, அவன் செய்யும் தொழில் இன்னதென்றும் வந்த ஊர் இன்னதென்றும் கூறி மாணாக்கரைத் திகைக்க வைப்பது அவருடைய வழக்கம். டாயிலின் ஷெர்லக் ஹோம்ஸ் இவரிடமிருந்தே பிறந்தான்.

1882-ல் ஸௌத்ஸீ என்னும் கடற்கரை ஊரில் டாயில் வைத்தியம் ஆரம்பித்தார். நோயாளிகள் அதிகம் வரவில்லை. காத்திருந்த நேரத்தில் கதை எழுதினார். ஹோம்ஸ் தோன்றும் முதல் நாவல் 1887-ல் வெளியாயிற்று. பதிப்பாளர் அதன் சர்வ உரிமைகளுக்கும் சேர்த்துக் கொடுத்த தொகை 25 பவுன்! அந்நாவலில் கொலை செய்தவன், தான் காதலித்தவளின் வாழ்வையும் அவளுடைய வளர்ப்புத் தந்தையின் உயிரையும் அழித்தவர்களை ஆண்டுக் கணக்காக, தேசம் விட்டுத் தேசம் தொடர்ந்து வந்து பழி தீர்த்தவன். பிடிபடும்போது வாசகருக்கு அவன்மேல் வெறுப்பு உண்டாவதில்லை; இரக்கமே உண்டாகிறது.

1890-ல் வெளிவந்த இரண்டாம் நாவலுக்கு நமது நாட்டோடு சம்பந்தமுண்டு. 1857-ம் வருஷத்துப் புரட்சியின்போது ஆக்ரா கோட்டையில் கைமாறிய பொக்கிஷமும், அந்தமான் சிறைத் தீவிலிருந்து தப்பிய வெள்ளைக்காரக் கைதியொருவனுமே அக்கதைக்கு ஆதாரம். அதில் ஊதுகுழலில் நச்சு முள்ளை வைத்து ஊதிக் கொல்லும் அந்தமான் தீவினன் ஒருவனை, மனித உருவில் வந்த மிருகம்போல டாயில் வர்ணித்திருக்கிறார். அந்தமான் மக்களின் ஆயுதம் வில்லும் அம்புமேயன்றி ஊதுகுழலன்று. லண்டனில் உட்கார்ந்து படிப்பவனுக்குக் கொலைகாரன் கறுப்பு நிறத்தவனாயிருந்தால் கதை எளிதில் ருசிக்கும் என்னும் நினைப்பு, அக்காலத்து இங்கிலீஷ் ஆசிரியர் பலரைப் போலவே இவரையும் பற்றியிருந்தது. இதை நாம் மறைத்துப் பேச விரும்பவில்லை.

1891 ஜூலை முதல் ஸ்ட்ராண்ட் என்ற மாதப் பத்திரிகையில் ஹோம்ஸ் சிறுகதைகள் வரலாயின. அதுவரை பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளில் ஓர் இதழ் தவறினால் கதை புரியாமற் போகும். டாயில் அதற்கொரு மாற்றுக் கண்டார். மனிதர்கள் அவர்களே, பேக்கர் தெருவின் அறையும் அதுவே, ஆனால் ஒவ்வோர் இதழிலும் ஒரு முழுக்கதை தொடங்கி முடிந்துவிடும். பழகிய சிநேகிதன் மாதந்தோறும் புதுச் செய்தியோடு வீட்டுக்கு வருவது போன்ற இன்பத்தை வாசகர் இதில் கண்டனர். ரெயிலடியில் வாங்கிய சஞ்சிகை, இறங்குமிடம் வருவதற்குள் கொலையாளியைக் கையில் பிடித்துக் கொடுத்துவிடும்.

வெறும் கொலையில் உள்ள பயங்கரந்தான் வாசகரை இழுத்ததென்று நாம் நம்பவில்லை. கொலைச் செய்திகள் தினசரிப் பத்திரிகைகளில் நிறைய வந்துகொண்டுதானிருந்தன. போலீஸார் அவசரத்தில் ஒருவனைப் பிடித்துவிட்ட பிறகும், பொறுமையோடு சிறு தடயங்களை உற்று நோக்கி உண்மையைக் காணக்கூடிய ஒருவன் எங்கோ இருக்கிறான் என்ற ஆறுதலை அக்கதைகள் அளித்தன. 1891-ல் வந்த பாஸ்கம் பள்ளத்தாக்குக் கதை இதற்கு நல்ல உதாரணம். தந்தையோடு சச்சரவிட்ட மகனே அவரைக் கொன்றானென்று எல்லோரும் நம்புகின்றனர். சாட்சியங்களும் அப்படியே இருக்கின்றன. ஹோம்ஸ் தரையில் படுத்து அடிச்சுவடுகளை ஆராய்ந்து, கொன்றவர் வேறொரு கிழவர் என்று காண்கிறான். அந்தக் கிழவரோ, இறந்தவனால் பல்லாண்டுகள் மிரட்டப்பட்டு வருந்தியவர், மரணத்தை நெருங்கியவர். அவரைக் காட்டிக் கொடுக்காமலே மகனை விடுவிக்கிறான் ஹோம்ஸ். குற்றவாளியின் கதையை முழுதும் காதுகொடுத்துக் கேட்டபின் தீர்ப்புக் கூறும் ஒரு நீதிஸ்தலத்தை வாசகன் அங்கே காண்கிறான்.

இவ்வளவு புகழும் டாயிலுக்குச் சலிப்பையே தந்தது. சரித்திர நாவல்களே தமக்கு நிலையான பெயர் தருமென்று கருதி, 1893 டிசம்பரில் ஹோம்ஸை ஸ்விட்ஜர்லாந்து அருவியொன்றில் தள்ளி முடித்துவிட்டார். 20,000-க்கு மேற்பட்ட வாசகர்கள் சந்தாவை நிறுத்தினரென்று சொல்லப்படுகிறது. 1901-ல் மீண்டும் ஹோம்ஸ் நாவலொன்றை எழுதத் தொடங்கினார். 1903-ல் அவனை உயிரோடேயே திரும்பக் கொண்டுவந்தார்.

இதற்கிடையில், 1900-ல் போயர் யுத்தத்தில் ராணுவ வைத்தியசாலையில் தொண்டு செய்துவிட்டு, அந்த யுத்தத்தில் பிரிட்டிஷார் நடந்துகொண்ட விதத்தை ஆதரித்து ஒரு புஸ்தகம் எழுதினார். 1902-ல் ஸர் பட்டம் கிடைத்தது. ஏகாதிபத்தியத்தின் பக்தர் என்று அவரைச் சொல்வதில் பிழையில்லை. அயர்லாந்துக்குச் சுயாட்சி கூடாதென்று பார்லிமெண்டுத் தேர்தல்களில் இருமுறை நின்று தோற்றவர். 1911-ல்தான் அக்கருத்தை மாற்றிக்கொண்டார். இப்படிப்பட்டவரிடத்தில் ஓர் இந்தியருடைய மகனின் வழக்கு வந்து சேர்ந்ததுதான் விசித்திரம்.

பம்பாயைச் சேர்ந்த ஷாபூர்ஜி எடல்ஜி என்ற பார்ஸி கிறிஸ்தவராகி, ஓர் இங்கிலீஷ் மாதை மணந்து, ஸ்டாபோர்டுஷயரில் கிரேட் வயர்லி என்னும் சுரங்கக் கிராமத்தில் பாதிரியாராக இருந்தார். கோவிற் பீடத்தில் கறுத்த மனிதர் நிற்பது ஊராரில் சிலருக்குப் பொறுக்கவில்லை. வருஷக் கணக்காக அவர் குடும்பத்துக்குக் கையெழுத்தில்லாத கடிதங்கள் வந்தன. 1903-ல் அவ்வூரில் குதிரைகளையும் மாடுகளையும் இரவில் யாரோ வயிற்றைக் கீறிக் கொன்றுவந்தபோது, பாதிரியாரின் மூத்த மகனும் பர்மிங்ஹாமில் ஸொலிஸிடர் தொழில் செய்துவந்தவருமான ஜார்ஜ் எடல்ஜியைப் போலீஸார் கைது செய்தனர். அவர் இரவு முழுதும் தம்மோடு ஒரே அறையில் படுத்திருந்ததாகத் தந்தை சத்தியஞ் செய்து கூறியதை ஜூரிமார் ஏற்கவில்லை. ஏழு வருஷக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அவர் காவலில் இருக்கையிலேயே மிருக வதைகள் தொடர்ந்தன; அப்போதும் போலீஸாரின் மனம் மாறவில்லை. பதினாயிரம் பேர் கையெழுத்திட்ட மனுவுக்குப் பின், மூன்று வருஷங் கழித்து 1906-ல் காரணம் யாதுஞ் சொல்லாமல் அவரை விட்டார்கள். குற்றம் துடைக்கப்படாமையால் தொழில் செய்ய வழியில்லை.

அதே வருஷம் ஜூலையில் முதல் மனைவியை இழந்து ஊக்கமற்றுக் கிடந்த டாயிலின் கண்ணில் இவ்வழக்கின் விவரம் பட்டது. லண்டனில் ஒரு ஹோட்டலில் எடல்ஜியைச் சந்திக்கச் சென்றார். அவ்வாலிபர் பத்திரிகையை முகத்தோடு ஒட்டப் பிடித்துப் பக்கவாட்டில் பார்த்துப் படிப்பதைத் தூரத்திலிருந்தே கவனித்தார். ஒரு காலத்தில் கண் வைத்தியராயிருந்த டாயிலுக்கு அதுவே போதுமாயிற்று. பகலிலேயே சில கஜ தூரத்துக்கப்பால் முகந் தெரியாதவர், மழை இருட்டில் வயல்களையும் ரெயில் பாதையையும் தாண்டிச் சென்று, போலீஸ் காவலுக்குத் தப்பி ஒரு குதிரையைக் கீறித் திரும்பினாரென்பது நம்பத் தக்கதா? 1907 ஜனவரியில் டெய்லி டெலிகிராப் பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரைகளுக்குப் பதிப்புரிமை கோரவில்லை. ஆகவே மற்றப் பத்திரிகைகளும் எடுத்து வெளியிட்டன. தேசமெங்கும் கிளர்ச்சி உண்டாயிற்று.

சர்க்கார் மூவர் கமிட்டியை நியமித்தார்கள். அம்மூவரில் ஒருவர் அந்த ஜில்லாப் போலீஸ் தலைவருக்கு உறவினர். 1907 மே மாதத்தில் வந்த முடிவு வேடிக்கையானது. மிருகங்களை வதைத்தவர் எடல்ஜி அல்லராம். ஆனால் கடிதங்களை எழுதியவர் அவரேயாம். ஆகையால் மன்னிப்பு உண்டு, நஷ்ட ஈடு இல்லை. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு! டாயில் கொதித்தார், பயனில்லை. எனினும் ஸொலிஸிடர் சங்கம் எடல்ஜியை மறுபடி தொழிலில் சேர்த்துக்கொண்டது. அந்த செப்டம்பரில் டாயில் மறுமணஞ் செய்துகொண்டபோது விருந்தினரில் எடல்ஜியும் ஒருவர். இவ்வழக்கும் இதற்கு முந்திய அடால்ப் பெக் வழக்கும் எழுப்பிய கூக்குரலால் 1907-ல் இங்கிலாந்தில் கிரிமினல் அப்பீல் கோர்ட்டு ஏற்பட்டது. ஸ்காட்லாந்துக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

அக்குறையின் கொடுமையை அனுபவித்தவன் ஆஸ்கார் ஸ்லேட்டர். 1908 டிசம்பர் 21-ந் தேதி கிளாஸ்கோ நகரில் மாரியன் கில்கிரிஸ்ட் என்ற எண்பது வயது தாண்டிய சீமாட்டி தன் வீட்டிலேயே அடித்துக் கொல்லப்பட்டாள். ஒரு வைர நகை காணாமற் போயிற்று. ஸ்லேட்டர் ஜெர்மனியில் பிறந்த யூதன், சூதாடி, பல பெயர்களில் திரிந்தவன். அவன் ஒரு நகையின் அடகுச் சீட்டை விற்க முயன்றதும், சில நாளில் வேறு பெயரில் லுஸிடானியா கப்பலில் அமெரிக்கா சென்றதும் போலீஸாருக்குத் தெரிய வந்தன. அடகு வைத்த நகை வேறு. அதுவும் கொலைக்கு ஒரு மாதம் முன்பே அடகு வைக்கப்பட்டது. ஆனால் கப்பலேறி ஓடிய மனிதன் என்ற ஒரு சித்திரம் ஜனங்களின் மனத்தில் பதிந்துவிட்டது. துப்பறியும் கதைகள் பழக்கிய கண்ணுக்கு ஓடுகிறவனெல்லாம் கொன்றவனாகவே தென்படுகிறான்! நியூயார்க்கிலிருந்து ஸ்லேட்டர் தானாகவே இணங்கித் திரும்பி வந்தான் என்பதை யார் நினைத்துப் பார்த்தார்கள்? 1909 மே மாதம் பதினைந்து ஜூரிமாரில் ஒன்பது பேர் குற்றவாளி என்றனர். அந்நாட்டின் அக்காலத்துச் சட்டப்படி பெரும்பான்மையே போதுமாயிருந்தது. தூக்கு நாளுக்கு இரண்டு தினங்களுக்கு முன் மரண தண்டனை ஆயுள் தண்டனையாயிற்று.

டாயிலுக்கு ஸ்லேட்டரின் நடத்தை பிடிக்கவில்லை. ஒழுக்கங் கெட்டவனென்றே அவனைக் கருதினார். அப்படியிருந்தும் 1912-ல் அவனுக்காக ஒரு சிறு புஸ்தகம் எழுதினார். எடல்ஜியைப் போன்ற சாதுவுக்காக வாதாடுவது ஒன்று. தமக்கு அருவருப்பூட்டும் ஒருவனுக்கும் அதே நீதி உரியதென்று பதினாறு வருஷம் விடாமல் நிற்பது மற்றொன்று. இந்த இரண்டாவதையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

1914-ல் ஜான் டிரெஞ்ச் என்ற கிளாஸ்கோ போலீஸ் அதிகாரி, கொலை நடந்த வீட்டு வேலைக்காரி முதலில் வேறொருவரையே குறிப்பிட்டாளென்றும், அது மறைக்கப்பட்டதென்றும் வெளியிட்டார். ரகசியமாக நடந்த விசாரணை ஒன்றுமில்லாமல் முடிந்தது. டிரெஞ்சுக்கு உத்தியோகம் போயிற்று, மறு வருஷம் பொய் வழக்கும் தொடரப்பட்டு, அதில் அவர் விடுதலையானார், 1919-ல் இறந்தார். கதையில் வரும் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஹோம்ஸிடம் தம் தவறை ஒப்புக்கொண்டு கைகுலுக்குவார். கிளாஸ்கோவில் நடந்தது இது.

டாயில் வேறு தீமைகளையும் எதிர்த்தார். காங்கோவில் பெல்ஜிய மன்னர் நடத்திய கொடுமைகளை 1909-ல் ஒரு நூலில் அம்பலப்படுத்தினார். அவ்விஷயத்தில் சகாவாயிருந்த ரோஜர் கேஸ்மெண்ட், 1916-ல் அயர்லாந்தின் விடுதலைக்காக ஜெர்மானியரின் உதவியை நாடி மரண தண்டனை பெற்றபோது, கருணை கோரும் மனுவைத் தயாரித்து முன் நின்றவர் டாயிலே. கேஸ்மெண்டின் செயலை அவர் ஒப்பவில்லை. மனந் தடுமாறிய நிலையில் செய்தாரென்றே வாதித்தார். ஆகஸ்டு 3-ந் தேதி கேஸ்மெண்ட் தூக்கிலிடப்பட்டார். இறந்தோரின் ஆவிகளோடு பேசலாமென்ற கொள்கையில் டாயில் தம் கடைசிக் காலத்தையும் பொருளையும் செலவிட்டது பற்றி இங்கே விரிக்க வேண்டுவதில்லை. தடயமின்றி எதையும் நம்பாத ஹோம்ஸ் அதைக் கேட்டிருந்தால் புன்னகை செய்திருப்பான்.

1925-ல் பீட்டர்ஹெட் சிறையிலிருந்து விடுதலையான ஒரு கைதி, ஸ்லேட்டரின் வேண்டுகோளை வாயில் ஒளித்துக் கொண்டுவந்து டாயிலிடம் சேர்த்தான். கிழப் பருவத்தில் மீண்டும் அவர் பேனாவை எடுத்தார். கடைசி ஹோம்ஸ் கதை வெளிவந்த 1927-ம் வருஷத்திலேயே, நவம்பர் மாதம், பதினெட்டரை வருஷச் சிறைவாசத்துக்குப் பின் ஸ்லேட்டர் வெளியே வந்தான். 1928-ல் தண்டனை ரத்தாயிற்று. அதுவும் ஜட்ஜ் ஜூரிமாருக்கு எடுத்துரைத்ததில் பிழையென்ற காரணத்தால்தான். 6,000 பவுன் ஈட்டுத் தொகை கிடைத்தது. அப்பீலுக்காகத் தாமும் பிறரும் செலவிட்டதை அதிலிருந்து திருப்பித் தரும்படி டாயில் கேட்க, ஸ்லேட்டர் மறுக்க, இருவரும் பத்திரிகைகளில் சண்டையிட்டுப் பிரிந்தனர்.

1930-ம் வருஷம் ஜூலை 7-ந் தேதி டாயில் காலமானார். ஜார்ஜ் எடல்ஜி 1953 வரை ஜீவித்திருந்தார். கடிதம் எழுதியவர் அவரே என்ற பழியைச் சர்க்கார் நீக்கவில்லை. மூன்று வருஷச் சிறைக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை.