தந்தையின் விருப்பமும் மைந்தனின் வேட்கையும்

பள்ளிப் படிப்பு நிறைவெய்தும் காலத்தில் மாணவர் பலர் உள்ளத்தில் ஒரு வினா எழுகின்றது. கல்லூரியில் எத்துறையைக் கற்பது என்பதே அவ்வினா. உள்ளம் ஒன்றை நாடுகின்றது. இல்லத்தார் வேறொன்றை விரும்புகின்றனர். இது நம் காலத்தில் புதிதாகத் தோன்றிய இடர்ப்பாடு அன்று. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர், அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளில் வளர்ந்த சிறுவர் ஒருவரும் இவ்வினாவை எதிர்கொண்டார். அவர் கண்ட விடையால் தமிழுலகம் பெருஞ்செல்வம் பெற்றது. அவரே தமிழ்த் தாத்தா என்று நாம் அன்புடன் போற்றும் உ. வே. சாமிநாதையர் ஆவார்.

இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ள உடையார்பாளையம் முன்னாளில் ஒரு ஜமீனின் தலைநகராக விளங்கியது. பயறணீசுவரர் திருக்கோயிலால் புகழ்பெற்ற அவ்வூரை ஆண்ட ஜமீன்தார்கள் புலவரையும் இசைவாணரையும் புரந்து வந்தனர். அவருள் ஒருவராகிய கச்சிக் கல்யாணரங்க உடையார் காலத்தில் கனம் கிருஷ்ணையர் என்பவர் அங்கே சமஸ்தான வித்துவானாக வீற்றிருந்தார். கனமார்க்கம் என்பது பயில்வதற்கு அரியதோர் இசைமுறை. அதனைக் கடுமையாக முயன்று கற்றுத் தேர்ந்தமையால் கனம் என்பது அவர் பெயரோடு ஒட்டிய சிறப்பாயிற்று. தமிழில் இனிய பதங்கள் பலவற்றை இயற்றிய பெருமையும் அவருக்கு உண்டு.

இக் கிருஷ்ணையரின் உடன்பிறந்தாள் மகனே வேங்கடசுப்பையர். அவர் தம் அம்மானிடம் குருகுலவாசம் செய்து இசை கற்றவர்; உடையார்பாளையத்து அரண்மனையின் ஆதரவையும் பெற்றவர். அவருக்கும் சரசுவதி அம்மாளுக்கும் தலைமகனாய் 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் சாமிநாதையர் பிறந்தார். குடும்பத்தின் சொந்த ஊர் தஞ்சைப் பகுதியிலுள்ள உத்தமதானபுரம். குழந்தைக்கு இட்ட பெயர் வேங்கடராமன் என்பது; இல்லத்தார் வழங்கிய பெயர் சாமா என்பது.

தந்தையாருக்கு இசையே செல்வம், இசையே வாழ்வு. அரண்மனையில் அம்மான் பெற்ற சிறப்பை நேரிற் கண்டவர் அவர். இராமகாதையை இசையோடு எடுத்துரைத்து, ஊரார் மனமுவந்து அளிப்பதைக் கொண்டு அவர் குடும்பத்தைக் காத்து வந்தார். ஆதலின், தம் மைந்தனும் இசைவாணனாக வேண்டும் என்று அவர் விரும்பியதில் வியப்பில்லை. தாமே ஆசிரியராக இருந்து இசை கற்பித்தார். இசைக்கு வடமொழியும் தெலுங்கும் துணையாகும் என்று கருதப்பட்ட காலம் அது. வடமொழி கற்றால் சாத்திர அறிவு வரும் என்றும், ஆங்கிலம் கற்றால் உத்தியோகம் கிட்டும் என்றும் அறிவுரை கூறியோரும் இருந்தனர். தமிழ் ஒன்றையே கற்றுப் பிழைக்கலாம் என்று எண்ணியவர் மிகச் சிலரே. இவ்வறிவுரைகள் பகையால் எழுந்தவை அல்ல. வறுமையின் கொடுமையை அறிந்தவர்கள், இளைஞன் ஒருவன் அதில் அழுந்தாதிருக்க வேண்டும் என்று அஞ்சியே கூறினார்கள்.

ஆனால் சிறுவரின் நெஞ்சமோ தமிழில் தோய்ந்துவிட்டது. குடும்பம் அரியலூரில் வாழ்ந்தபோது சடகோபையங்கார் என்னும் புலவர் அவருக்குத் தமிழ்ச் சுவையை முதலில் ஊட்டினார். செய்யுளின் பொருளை அவர் விரித்துரைக்குந்தோறும் மாணவருக்கு மேலும் கேட்கும் ஆவல் மிகுந்தது. விளையாட்டுப் பருவத்துக்குரிய பிற இன்பங்கள் இவ்வின்பத்தின் முன் சிறுத்துப் போயின.

இந்நிலையில் தந்தையார் என் செய்தார்? இங்கேதான் நாம் சிந்திக்கத்தக்க செய்தி இருக்கின்றது. மைந்தன் தம் சொல்லைக் கடந்தான் என்று அவர் சினக்கவில்லை. மைந்தரும் தந்தையை எதிர்த்து உரையாடவில்லை. இசைப் பாடத்தை வெறுத்து ஒதுக்கவும் இல்லை. கிடைத்த பொழுதிலெல்லாம் தமிழ் நூல்களைப் பயின்றார். அவருடைய இடையறாத உழைப்பே அவர் பொருட்டுத் தந்தையிடம் வழக்காடியது. ஆவல் உண்மையானது என்று கண்ட தந்தையார், தம் விருப்பத்தை அடக்கிக்கொண்டு, மைந்தனுக்குத் தமிழ் கற்பிப்பாரைத் தேடிப் புறப்பட்டார்.

அந்நாளில் ஊர்தோறும் பள்ளியும் நூலகமும் இல்லை. ஆசிரியர் இருக்குமிடமே பள்ளி. அவர் கையிலுள்ள ஏடே நூலகம். ஆதலால் குடும்பமே ஊர்விட்டு ஊர் பெயர வேண்டியதாயிற்று. அரியலூரிலிருந்து குன்னம், குன்னத்திலிருந்து கார்குடி, பின்னர்ச் செங்கணம் என்று அவர்கள் சென்று தங்கினர். கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூல் பாடம் நடந்தது. பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் யாப்பருங்கலக் காரிகை முதலியவற்றைக் கற்பித்தார். சென்றவிடமெல்லாம் தந்தையார் இராமகாதை பாடினார். அதனால் வந்த வருவாயில் குடும்பம் உண்டது. மைந்தர் தமிழ் பயின்றார். எந்த இசைக்கு மைந்தன் உரியனாக வேண்டும் என்று தந்தையார் விரும்பினாரோ, அந்த இசையே மைந்தனின் தமிழ்க் கல்விக்குச் சோறிட்டது. தந்தையின் இவ்வருஞ்செயலை எண்ணுந்தோறும் நம் உள்ளம் உருகுகின்றது.

தமக்குத் தெரிந்ததைக் கற்பித்து முடித்த செங்கணத்து ஆசிரியர், மேற்கொண்டு கற்பதற்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடமே செல்ல வேண்டும் என்று வழிகாட்டினார். 1871ஆம் ஆண்டில், பதினேழாம் வயதில், சாமிநாதையர் தந்தையாருடன் மாயூரத்தை அடைந்தார். பாடங்கேட்க வருவோர் பலர் இடையிலேயே விட்டுச் செல்வதைக் கண்டவராதலின், பிள்ளையவர்கள் உடனே இசைவு தரவில்லை. மாணவரின் பயிற்சியைச் சோதித்து அறிந்தபின் ஏற்றுக்கொண்டார். சாமிநாதன் என்னும் பெயரால் அழைக்கத் தொடங்கியவரும் அவரே. மைந்தனை ஆசிரியரிடம் ஒப்புவித்துத் தந்தையார் ஊர் திரும்பினார்.

ஆயினும் இசையை முற்றும் கைவிடத் தந்தையாருக்கு மனம் வரவில்லை. நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் அப்போது மாயூரத்தில் வாழ்ந்து வந்தார். தமிழோடு இசையையும் அவரிடம் மைந்தன் கற்கலாமே என்பது தந்தையார் கருத்து. மைந்தரும் அவ்வாறே பாரதியாரிடம் சென்று பயின்றார். இசையில் ஈடுபாடு மிகுந்தால் இலக்கிய இலக்கணப் பயிற்சி ஊன்றாது என்பது பிள்ளையவர்களின் எண்ணம். மாணவர் இசை பயில்வதை அறிந்த அவர் அதனை விரும்பவில்லை.

சாமிநாதையரின் வாழ்வில் இது மிக இக்கட்டான வேளை. ஒருபுறம் தந்தையின் நெடுநாள் ஆசை. குடும்பத்தின் வழிவழிச் செல்வம். கிடைத்தற்கரிய பாரதியார் போன்ற ஆசிரியர். மறுபுறம் தாம் உயிரினும் மேலாக நேசித்த தமிழ். அதற்குரிய ஒப்பற்ற ஆசான். இரண்டையும் ஒருங்கே பற்ற வழியில்லை. அவர் இசைப் பயிற்சியை நிறுத்திக்கொண்டார். ஒன்றைத் தேர்வது என்பது மற்றொன்றை இழப்பதும் ஆகும் என்னும் உண்மையை அவர் இளமையிலேயே உணர்ந்தார். அவ்வாறு இழந்த பின்னர், தேர்ந்ததில் அரைமனம் கொள்ளவில்லை. 1876ஆம் ஆண்டில் பிள்ளையவர்கள் இறைவனடி சேரும்வரை அவரை விட்டுப் பிரியாத மாணவராய் இருந்தார். அதன்பின் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் கற்றும் கற்பித்தும் வந்தார்.

தமிழ் கற்றவனுக்கு வாழ்வு ஏது என்ற ஐயத்துக்கு 1880ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, தம் இடத்துக்குச் சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். மாதம் 50 ரூபாய் ஊதியத்தில் ஐயர் அப்பணியில் அமர்ந்தார். ஊர்தோறும் அலைந்து மைந்தனைக் காத்த தந்தையார் அக்காட்சியைக் கண்டு களிக்கும் பேறு பெற்றார்.

ஆயினும் தேர்ந்த துறை அத்துடன் அவரைச் சோதிப்பதை விட்டுவிடவில்லை. அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியார் என்னும் நீதித்துறை அலுவலர் கும்பகோணத்தில் அவரைச் சந்தித்தார். ஐயர் கற்றிருந்த அந்தாதிகளையும் புராணங்களையும் கேட்டு அவர் நிறைவடையவில்லை. சீவக சிந்தாமணி போன்ற பழைய காப்பியங்களைக் கற்றதுண்டா என்று வினவினார். கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் புலவர் தாம் அறியாத தமிழ் இன்னும் எவ்வளவோ உண்டு என்பதை அன்று உணர்ந்தார். நாணி ஒதுங்காமல் மீண்டும் மாணவரானார். சிந்தாமணி சமண நூலாதலின், கும்பகோணத்துச் சமணர்களை நாடி, அந்நூற்கருத்துகளைக் கேட்டுத் தெளிந்தார். ஏட்டுச் சுவடிகள் பலவற்றை ஒப்பிட்டு, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார்.

பின்னர் அவர் ஓய்ந்திலர். செல்லரித்த ஏடுகளைத் தேடி ஊர்தோறும் சென்றார். பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. 1903 முதல் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றினார். 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவரை வந்தடைந்தன. 1937இல் குறுந்தொகையை வெளியிட்டபோது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் அவர் மறைந்தார்.

அவ்வாறாயின், தந்தை இளமையில் ஊட்டிய இசை வீணாயிற்றோ? அன்று. செய்யுட்களை இசையோடு படித்துப் பொருள் கூறும் ஆற்றல் ஐயருக்கு வாய்த்திருந்தது. முதுமையில் அவர் எழுதிய நூல்களுள் கனம் கிருஷ்ணையரின் வரலாறும், கோபாலகிருஷ்ண பாரதியாரின் வரலாறும் உள்ளன. உடையார்பாளையத்து அரண்மனையில் முழங்கிய இசையின் வரலாற்றை நாம் இன்று அறிவதற்கு, இசைவாணராகாத அம்மைந்தரின் எழுதுகோல் பெரிதும் துணை நிற்கின்றது. தந்தையின் செல்வத்தை வேறொரு வடிவில் அவர் திருப்பிச் செலுத்தினார் என்றே கூறல் வேண்டும்.

மாணவர்களே! உள்ளம் விரும்பியதைக் கற்றோர் அனைவரும் புகழ் பெற்றனர் என்று கூறுதல் இயலாது. இல்லத்தார் கூறுவன எல்லாம் தவறு என்று எண்ணுதலும் பிழையாகும். அவர்கள் அச்சத்தின் பின்னால் நீங்கள் அறியாத பசியும் கடனும் மறைந்திருக்கக் கூடும். ஆதலின் முதலில் உங்களையே வினவிக்கொள்ளுங்கள். நான் விரும்புவதாகக் கூறும் துறைக்கு, எவரும் ஏவாமலே, இதுவரை எத்தனை பொழுதுகளைச் செலவிட்டேன்? அதன் பொருட்டு எதனை இழக்க அணியமாயிருக்கின்றேன்? என் அறியாமையை ஒருவர் சுட்டினால் மீண்டும் முதற்பாடத்திலிருந்து தொடங்குவேனா? இவற்றிற்கு நேர்மையான விடை கிடைக்குமாயின், அதனைப் பெற்றோரிடம் பணிவோடும் உறுதியோடும் எடுத்துரையுங்கள். சொல்லினும் செயல் வலியது. குன்னத்திலும் கார்குடியிலும் செங்கணத்திலும் ஒரு சிறுவர் ஏட்டை விடாது பயின்றதே தந்தையின் உள்ளத்தை மாற்றியது.

பெற்றோராயினார்க்கும் இவ்வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. சாமிநாதையரின் பெயருக்கு முன் நிற்கும் எழுத்துகளுள் உ என்பது உத்தமதானபுரத்தைக் குறிக்கும். வே என்பது வேங்கடசுப்பையரைக் குறிக்கும். அவர் பதிப்பித்த நூல்களின் முகப்பிலெல்லாம் அவ்வெழுத்து விளங்குகின்றது. தம் விருப்பத்தை விட்டுக்கொடுத்து மைந்தனைத் தமிழுக்கு அளித்த அத்தந்தையின் பெயர் இன்றளவும் நிலைத்து நிற்கின்றது.