ஸ்ரீ ஜே. சி. குமரப்பா

அரசிறை செலுத்துதல் கிறிஸ்தவன் கடமையென்பது யாவரும் அறிந்ததே. அவ்விறை யுத்தத்திற்குச் செலவாகுமிடத்து அவன் செய்யத்தக்கது யாது? இவ்வினாவைக் கணக்கறிவாலும் பக்தியாலும் ஆராய்ந்த தமிழ்மகனார் ஸ்ரீ குமரப்பா.

இவர் 1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் தஞ்சையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தார். இலண்டனிற் கணக்காய்வுத் தொழில் பயின்று, பம்பாயில் அத்தொழிலை நடத்திவந்தார். பின்பு அமெரிக்கா சென்று, கொலம்பியா சர்வகலாசாலையில் இந்திய சர்க்காரின் வரவு செலவை ஆராயப் புகுந்தார். குடியானவன் கொடுக்கும் வரியிற் பெரும்பகுதி இராணுவத்திற்கும் கடனுக்கும் உத்தியோகஸ்தர் சம்பளத்திற்குமே போவதையும், கல்விக்கும் சுகாதாரத்திற்கும் சொற்பமே எஞ்சுவதையும் கண்டார். அக்காட்சி அவரது வாழ்க்கையையே திருப்பிவிட்டது.

1929-இல் தாயகம் மீண்டு, சபர்மதியிற் காந்தியடிகளைச் சந்தித்தார். அவ்வாராய்ச்சி 'யங் இந்தியா'வில் வெளிவந்தது. 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம் எழுந்தது. குஜராத்திற் குடியானவர் பலர் நிலவரி கொடாது நின்று நிலம் இழந்தனர். சட்டமறுப்பு கிறிஸ்துவின் போதனைக்கு ஒவ்வாதெனக் கல்கத்தா அத்தியக்ஷர் வெஸ்ட்காட் கருதினார். குமரப்பாவோ, அஹிம்சையே கிறிஸ்துவின் வழியென்றும், அதனைக் கைக்கொள்வோரைக் கிறிஸ்தவர் ஆதரிக்கவேண்டுமென்றும் வாதாடினார். 'யங் இந்தியா'வில் எழுதியதற்காக 1931-இல் சிறை புகுந்தார்.

இரண்டாம் மகாயுத்தத்தில், சர்க்கார் நோட்டுகளை அச்சிட்டு யுத்தத்திற்குப் பண்டங்களை வாங்குவது ஏழைகளை வருத்துமென்று கண்டித்தெழுதினார், மீண்டும் சிறைப்பட்டார். 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், இவரும் இறைவனடி சேர்ந்தார்.

நாம் கொடுக்கும் காசு எங்கே சென்று என்னவாகிறதென்று கேட்டறிவதும் பக்தியின் பாற்படும் என்பதே இவர் வாழ்வு மாணாக்கராகிய நமக்கு உணர்த்தும் பாடம்.