முள் சொன்ன பாடம்

போன வாரம் என் காலில் கருவேல முள் குத்திடுச்சு. வீங்கி சீழும் வெச்சுது. ஏன்னு அறிவியல் சாரிடம் கேட்டேன். அவர் சொன்ன பெயர் இலியா மெட்ச்னிகாஃப்.

இவர் 1845-ல் இன்றைய உக்ரைனில் பிறந்தார். கடல் உயிரிகளின் கரு வளர்ச்சியை ஆராய்ந்தார். 1873-ல் இவர் மனைவி காசநோயால் இறந்தார். மனம் உடைந்தாலும் ஆராய்ச்சியை விடவில்லை. 1882-ல் இத்தாலியின் மெசினாவில், கண்ணாடி மாதிரி இருக்கும் நட்சத்திர மீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைச் செருகினார். ராத்திரி தூக்கமே வரலை. காலையில் பார்த்தால், முள்ளைச் சுற்றி செல்கள் மொய்த்திருந்தன! நம் வெள்ளை அணுக்களும் இப்படித்தான் வந்து கிருமிகளை விழுங்குகின்றன என்றார். பலர் நம்பவில்லை. 1908-ல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசு பெற்றார். 1916-ல் பாரிசில் மறைந்தார்.

இன்னொரு ஆச்சரியம் கேளுங்க. எலிக் கருவில் இந்த விழுங்கும் செல்கள் முதலில் தோன்றுவது எலும்பு மஜ்ஜையில் இல்லை, கருவோடு ஒட்டிய மஞ்சள்கருப் பையில்! அதில் சில மூளைக்குப் போய் ஆயுள் முழுக்கக் காவல் நிற்கின்றன.

என் கால் ஆறிடுச்சு. இனி சீழைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டேன். எனக்காகச் சண்டை போட்டுச் செத்த அணுக்கள்தானே அதில் இருக்கு!