மயிலை வி. கிருஷ்ணசாமி ஐயரும் ஐந்தொகையும்

வேளச்சேரியில் பாங்கிக்குச் சென்றுவரும் நம் மாணவருட் பலர், இந்தியன் பாங்கி ஒரு பெருங்கேட்டின் பின்னர்த் தோன்றியதென்பதை அறியார். அதனைத் தோற்றுவித்தோருள் முதல்வர் வி. கிருஷ்ணசாமி ஐயர்.

1863-ஆம் ஆண்டில் தஞ்சை ஜில்லாத் திருவிடைமருதூரிற் பிறந்த இவர், சென்னை ஐகோர்ட்டில் வக்கீலாகப் பெரும்புகழ் எய்தினார். மயிலையில் ஆயுர்வேத வைத்தியசாலையும், 1906-இல் சமஸ்கிருத கலாசாலையும் நிறுவினார். அரசியலில் மிதவாதியாயிருந்தும், பாரதியாரின் தேசியப் பாடல்களைத் தம் பொருள்கொண்டு அச்சிட்டு இலவசமாக வழங்கினார்.

1906 அக்டோபர் 22-இல் சென்னை ஆர்பத்நாட் கம்பெனி கதவடைத்தது. அதை நம்பிப் பணம் போட்டிருந்த குடும்பங்கள் திகைத்து நின்றன. லண்டனிலிருந்த கூட்டாளியின் துணிகர வியாபாரமே பெருநஷ்டத்திற்குக் காரணம். சென்னையிற் சேர்ந்த பணம் கடல் கடந்து அழிந்தது. சிலரது கூட்டு வியாபாரமாகையால், பணம் போட்டவர் அதன் கணக்கைக் காண வழியில்லை. தலைவர் ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட் பின்னர்ச் சிறைத்தண்டனை அடைந்தார்.

இதே காலத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தாரும் கடல் கடந்தே தொழில் செய்தனர். ரங்கூனிலும் கொழும்பிலும் இருந்த ஏஜெண்டுகள் வரவு, செலவு, கடன், கையிருப்பு அனைத்தையும் ஐந்தொகையாக எழுதி ஊருக்கு அனுப்புவர். எக்கடைக்கு மேலும் முதல் அளிப்பது, எக்கடனை நிறுத்துவது என்பவற்றை முதலாளி அதனைப் பார்த்தே துணிவார். இற்றைநாளில் நிர்வாகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் எனப் பேரிட்டு நம் வணிகவியல் வகுப்பிற் கற்பிக்கப்படுவன பலவும் இதற்கு உறவினவே. கணக்கு எழுதுவது மாத்திரம் போதாது. பணத்தை விடுமுன் அதை ஒருவர் பார்த்து, வேண்டாமென மறுக்கும் உரிமையும் உடையவராயிருத்தல் வேண்டும். ஆர்பத்நாட்டில் இல்லாதொழிந்தது இவ்வுரிமையே என்பது நம் கருத்து.

ஐயர் நாடியதும் நகரத்தாரையே. தேசபக்தி ஒன்றே அவர்களை இணங்கச் செய்ததென்று நாம் எண்ணோம், அவர்களும் கணக்கறிந்தவர்களன்றோ! பங்குதாரரும் டைரக்டர்களும் கொண்ட கூட்டுமுதற் கம்பெனியாக 1907 மார்ச்சு 5-இல் பதிவாகி, ஆகஸ்டு 15-இல் பாங்கி தொழில் தொடங்கிற்று. கணக்கு இனிச் சில கூட்டாளிகளது பெட்டிக்குள் அடங்காது, பங்குதாரர்முன் வைக்கப்படுவதாயிற்று.

ஐயர் 1909-இல் ஐகோர்ட் நீதிபதியாகி, 1911-இல் கவர்னரின் நிர்வாக சபையில் அமர்ந்து, அவ்வாண்டு டிசம்பரிலேயே தமது 48-ஆம் பிராயத்தில் காலமானார். பாங்கி 1969-இல் நாட்டுடைமையாயிற்று. கடற்கரைச் சாலையில் செனட் மண்டபத்தருகே அன்னாரது சிலை நிற்கின்றது.